தார் வீதிக்கும் கிரவல் வழிக்கும் ஒரு மோட்டார் சைக்கிள்

மட்டக்களப்பு நாட்டை வாவி இரு கரைகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஞாயிறு எழும் பக்கம் எழுவான்கரை. ஞாயிறு படும் பக்கம் படுவான்கரை. சந்தையும் கச்சேரியும் பெரிய வைத்தியசாலையும் பெரிய பாடசாலைகளும் எழுவான்கரையில் இருக்கின்றன. வயலும் குளமும் மேய்ச்சல் தரையும் காடும் படுவான்கரையில் இருக்கின்றன. ஒரு கரையில் குடியிருந்து மறு கரையில் தொழில் பார்ப்போர் இந்நாட்டில் என்றும் பலர். அவர்களுடைய நாளில் ஒரு நல்ல பங்கு வழியிலேயே கழிந்துவிடுகிறது.

இவ்விரு நிலங்களும் சந்திக்கும் இடங்களுள் ஒன்று செங்கலடி. மட்டக்களப்பு நகரிலிருந்து திருகோணமலை வீதியில் வடக்கே ஏறத்தாழ 15 கிலோமீற்றர் தொலைவில் உள்ள ஊர் அது. பேராதனையில் தொடங்கி, நுவரெலியா, பதுளை, பிபிலை, மகாஓயா ஆகிய இடங்களைக் கடந்து வரும் ஏ5 பெருவீதி செங்கலடிச் சந்தியில் வந்து முடிகிறது. சந்தியிலிருந்து மேற்கு நோக்கிக் கறுத்தப் பாலத்தைக் கடந்து செல்வோர் இலுப்படிச்சேனை, கரடியனாறு, பெரிய புல்லுமலை என்னும் ஊர்களைக் காண்பர். பெருவீதி இன்று நல்ல தார் வீதி. ஆயினும் அதனின்று கிளைக்கும் வழிகளின் இயல்பு வேறு. குளக்கட்டின் மேற் செல்லும் கிரவல் வழி ஒன்று. வாய்க்கால் ஓரத்து மண் வழி மற்றொன்று. மாடுகள் நடந்து நடந்து உண்டான மணல் வழி இன்னொன்று. கச்சான் காற்று வீசும் கோடையில் இவ்வழிகள் புழுதியாய்ப் பறக்கும். வாடைக் காற்றோடு மாரி பிறந்துவிட்டால் அவையே சேறாகிவிடும். உறுகாமம், உன்னிச்சைக் குளங்கள் நிரம்பி வழியும் காலத்திலோ, சில இடங்களில் வழி எது, வயல் எது என்று பிரித்தறிவதே அரிது.

இவ்வழிகளில் நாள்தோறும் செல்வோர் யாவர்? உட்கிராமத்துப் பாடசாலைக்குச் செல்லும் ஆசிரியர், வீடு வீடாகத் தாய்மாரைப் பார்க்கச் செல்லும் மருத்துவ மாது, விதைப்புக் காலத்திலும் வெட்டுக் காலத்திலும் வயலுக்கும் வீட்டுக்கும் அலையும் கமக்காரன், பட்டியிலிருந்து பால் கொண்டுவரும் பால்காரன் ஆகியோரே. இவர்களுக்குப் பஸ் வண்டி பெருவீதியோடு நின்றுவிடுகிறது. சிறிய சக்கரமுள்ள ஸ்கூட்டர் தார் வீதியில் இதமாக ஓடும். கிரவல் வழியில் ஒவ்வொரு குழியிலும் விழுந்தெழும். சாதாரண மோட்டார் சைக்கிள் சில ஆண்டுகள் தாங்கும். பின்னர் ஒவ்வொரு மாதமும் ஒவ்வோர் உறுப்பாகக் கழன்று, கூலியின் ஒரு பகுதியைத் திருத்தகத்துக்கே தந்துவிடச் செய்யும். ஆகவே, தார் வீதியிலும் ஓடி, கிரவல் வழியிலும் தளராத ஒரு வண்டியைத் தேடுவது இவர்களுக்கு ஆடம்பரம் ஆகாது. அது தொழிலுக்கு வேண்டிய கருவி.

அத்தகைய வண்டி உலகில் தோன்றி அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. அதற்கு முன்பும் தார் வீதிக்குரிய வண்டியைக் கழற்றியும் பூட்டியும் காட்டுவழிக்கு ஏற்றதாக மாற்றியோர் பலர் இருந்தனர். எனினும், விளக்கும் இலக்கத் தகடும் பூண்டு வீதியில் ஓடவும், வீதியை விட்டிறங்கி மேடு பள்ளங்களில் ஏறவும் தொழிற்சாலையிலேயே வடிவமைக்கப்பட்டுப் பெருந்தொகையாக விற்பனையான வண்டி 1968ஆம் ஆண்டில் வந்த யமஹா டிரி-1 என்பதே. 250 வகையைச் சேர்ந்த இரட்டை வீச்சு எஞ்சின் கொண்டது அது. 1972இல் ஹொண்டா நிறுவனத்தார் எக்ஸ்எல் 250 என்னும் நான்கு வீச்சு வண்டியைக் கொண்டுவந்தனர். 1985இல் யமஹா நிறுவனத்தார் செரோ என்னும் இலகுவான வண்டியை வெளியிட்டனர். செரோ என்பது யப்பானிய மலைகளில் வாழும், ஆட்டினத்தை ஒத்த ஒரு விலங்கின் பெயர். செங்குத்தான பாறையில் அது ஏறுவது போல வண்டியும் ஏறவேண்டும் என்பது பெயரிட்டோர் கருத்து. இந்தியாவிலும் இவ்வகை வண்டி 2011ஆம் ஆண்டில் ஹீரோ இம்பல்ஸ் என்றும், 2019ஆம் ஆண்டில் எக்ஸ்பல்ஸ் 200 என்றும் வெளிவந்தது.

இலங்கை வீதிகளில் இவ்வினத்தில் கூடுதலாகக் காணப்படுவன யப்பானில் சில காலம் ஓடிப் பின்னர் இங்கு வந்தவையே. ஹொண்டா எக்ஸ்எல், எக்ஸ்ஆர், யமஹா செரோ, சுசுகி ஜெபெல் என்னும் பெயர்கள் திருத்தகங்களில் பழக்கமானவை. ஆகவே, ஒருவர் வாங்கப் போகும் வண்டி பெரும்பாலும் பாவித்த வண்டியே. பலமுறை கைமாறிய வண்டியாகவும் இருக்கலாம். 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக்குரிய வாகனங்களுக்கு வழி மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியிலேதான். இடைப்பட்ட ஆண்டுகளில் நாட்டில் இருந்த வண்டிகளே கைமாறிக் கைமாறி ஓடின. பழுதானவை கழித்துவிடப்படாமல் ஒட்டுப் போட்டு ஓட்டப்பட்டன. இன்று சந்தைக்கு வரும் வண்டிகளிற் பல அக்காலத்துத் தழும்புகளைத் தாங்கியவை என்பதை வாங்குவோர் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

பாவித்த வண்டி வாங்குதலில் ஒரு குடும்பத்தின் பெருந்தொகைப் பணம் ஒரே நாளில் கைமாறிவிடுகிறது. சீட்டுப் பணம், நகை அடகு வைத்த பணம், இரண்டு போக நெல் விற்ற பணம் என்று அது பல வழியாற் சேர்ந்திருக்கும். வண்டி கெட்டதாக அமைந்தால் பணம் மட்டும் போவதில்லை; வேலைக்குச் செல்லும் வழியும் அடைபடுகிறது. அன்றியும், தளர்ந்த சட்டமுள்ள வண்டியில் கிரவல் இறக்கத்தில் செல்பவனுக்கு உயிருக்கே ஆபத்து உண்டு.

மட்டக்களப்புக் கமக்காரனுக்குப் பாவித்த பொருள் வாங்கும் கலை புதியதன்று. உழவு மாடு வாங்கப் போனவன் அதன் பல்லைப் பிடித்துப் பார்ப்பான், சுழி பார்ப்பான், குளம்பைத் தூக்கிப் பார்ப்பான், நடக்க விட்டுப் பார்ப்பான். மெலிந்த மாட்டைக் கண்டு அவன் அஞ்சமாட்டான். தீனி போட்டால் மெலிவு தீரும் என்பதை அவன் அறிவான். காலிலே குறையுள்ள மாட்டை மட்டும், அது எத்துணைக் கொழுத்திருந்தாலும் வாங்கமாட்டான். பாவித்த மோட்டார் சைக்கிளுக்கும் இதுவே விதி. வண்டியில் உள்ள குறைகள் இரு வகைப்படும். பணமும் உழைப்பும் செலவிட்டால் திருந்துவன ஒரு வகை. எவ்வளவு செலவிட்டாலும் திருந்தாதன மற்றொரு வகை. முன்னையவற்றைக் கண்டால் விலையைக் குறைத்துக் கேட்கலாம். பின்னையவற்றைக் கண்டால் வீடு திரும்பிவிட வேண்டும். இவ்விரண்டையும் பிரித்தறிபவன் ஏமாறுவது அரிது.

வண்டியைப் பார்ப்பதற்கு முன்னர், வாங்குபவர் தமது வழியை எண்ணிப் பார்த்தல் நன்று. நாள் ஒன்றுக்கு எத்தனை கிலோமீற்றர்? அதில் தார் எவ்வளவு, கிரவல் எவ்வளவு? பின்னால் ஒருவர் ஏறுவாரா? உரமூட்டையோ பாற்கலமோ ஏற்ற வேண்டுமா? பத்தில் எட்டுப் பங்கு தார் வீதியாக இருப்பவருக்கு மிக உயரமான, கரடுமுரடான கட்டை டயர் பூட்டிய வண்டி தேவையில்லை. அந்த டயர் தார் வீதியில் விரைவிற் தேயும், மழையில் வழுக்கும். இரு வழிக்கும் பொதுவான டயரே அவருக்குப் போதும்.

அடுத்து எஞ்சினின் அளவு. 125 வகை வண்டி பெற்றோலைச் சிக்கனமாகக் குடிக்கும். தனி ஒருவருக்குக் கிராமத்து வழியில் அது தாராளமாகப் போதும். இருவர் ஏறி மகாஓயாவுக்கும் அதற்கு அப்பால் மலைநாட்டுக்கும் செல்ல எண்ணுவோருக்கு 200 அல்லது 250 வகை ஏற்றது. பெற்றோலை மறந்து எஞ்சினைத் தெரிவு செய்தல் கூடாது. 2022ஆம் ஆண்டு எரிபொருள் நெருக்கடியின்போது, கியூஆர் அட்டை முறை தொடங்கிய காலத்தில், மோட்டார் சைக்கிள் ஒன்றுக்கு வாரத்துக்கு 4 லீற்றரே கிடைத்தது. லீற்றருக்கு 45 கிலோமீற்றர் ஓடும் வண்டி அந்த வாரத்தில் 180 கிலோமீற்றர் ஓடிற்று. 25 கிலோமீற்றரே ஓடும் வண்டி 100 கிலோமீற்றரோடு நின்றுவிட்டது. ஓட்டுநர் உரிமத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏ1 வகுப்பு உரிமம் 100 கன சென்ரிமீற்றருக்கு மேற்படாத வண்டிக்கே செல்லும். இவ்வினத்து வண்டிகள் பெரும்பாலும் அதற்கு மேற்பட்டவை ஆதலால் ஏ வகுப்பு வேண்டும்.

இருக்கையின் உயரமும் முக்கியமானது. இவ்வண்டிகள் தரைக்கு மேல் உயர்ந்து நிற்பவை. நின்ற நிலையில் இரு கால்களின் முன்பாதமேனும் தரையில் ஊன்றவேண்டும். சேற்றில் நிற்கும்போது கால் எட்டாவிட்டால் வண்டி சாயும். சாய்ந்த வண்டியைத் தனியே தூக்கி நிறுத்த முடிய வேண்டும். சேலை உடுத்துச் செல்லும் ஆசிரியைக்கும் சாரம் உடுத்துச் செல்லும் கமக்காரனுக்கும் காலால் உதைத்து இயக்கும் வண்டி இடையூறாகலாம். அவர்கள் பொத்தானை அழுத்த இயங்கும் வண்டியைத் தேடுவது நன்று.

இனி, வண்டியைப் பார்க்கும் முறை. விற்பவரின் வீட்டுக்குக் காலையில், முன்னறிவித்துச் செல்லுதல் வேண்டும். தாம் வரும்வரை வண்டியை இயக்க வேண்டாம் என்று சொல்லியும் வைக்கலாம். சென்றவுடன் எஞ்சினைக் கையால் தொட்டுப் பார்த்தல் நன்று. அது சூடாக இருந்தால், குளிர்ந்த எஞ்சினில் வெளிப்படும் குறை எதையோ விற்பவர் முன்னரே மறைத்துவிட்டார் என்று ஐயுறலாம். குளிர்ந்த எஞ்சின் இரண்டொரு உதையில் இயங்கினால் நன்று. சைலன்சரில் நீலப் புகை தொடர்ந்து வந்தால் எஞ்சின் எண்ணெயைக் குடிக்கிறது. பிஸ்டன் வளையங்களோ வால்வுச் சீல்களோ தேய்ந்துள்ளன. கரும்புகை வந்தால் பெற்றோல் மிகுதியாக எரிகிறது. காபரேற்றரைச் சீர்செய்தாலே அது தீரக்கூடும். இரட்டை வீச்சு எஞ்சின் மட்டும் இதற்கு விலக்கு. பெற்றோலோடு எண்ணெயையும் எரிப்பது அதன் இயல்பாதலால் ஓரளவு புகை இருந்தே தீரும்.

எண்ணெய் மூடியைத் திறந்து உட்பக்கத்தையும் பார்த்தல் வேண்டும். எண்ணெய் பால் கலந்தது போல வெண்மை கொண்டிருந்தால் எஞ்சினுள் நீர் புகுந்திருக்கிறது. வெள்ளத்தில் மூழ்கிய வண்டிக்கு அது அடையாளம். அடுத்துக் காற்று வடிகட்டிப் பெட்டி. கிரவல் வழியில் ஓடும் வண்டியின் எமன் புழுதிதான். வடிகட்டியைக் கழற்றி, அதற்கு அப்பால் எஞ்சினுக்குக் காற்றுச் செல்லும் குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்க்கலாம். துணியில் செம்புழுதி படிந்தால், அப்புழுதி எஞ்சினுக்குள்ளும் சென்று சிலிண்டரைத் தேய்த்திருக்கிறது என்பது பொருள். ஓடிய தூரத்தைக் காட்டும் மானியை நம்புவதைவிட இத்துணியை நம்பலாம். மானியைத் திருப்பலாம், கழற்றியும் வைக்கலாம். கால்மிதியின் பற்கள், கைப்பிடி றப்பர், பிரேக் மிதி ஆகியவற்றின் தேய்வு உண்மையைச் சொல்லிவிடும்.

மேற்சொன்ன எஞ்சின் குறைகள் செலவு தருவன. ஆயினும் உதிரிப்பாகம் கிடைக்குமாயின் அவை திருந்துவன. செயினும் அதன் பற்சக்கரங்களும், டயர், பற்றரி, பிரேக் கட்டைகள், சக்கரப் பேரிங்குகள், முன் அதிர்வுதாங்கிகளின் எண்ணெய்ச் சீல்கள் ஆகியனவும் அவ்வாறே. பற்சக்கரத்தின் பற்கள் கொக்கி போல் வளைந்திருந்தால் செயினோடு சேர்த்தே மாற்ற வேண்டும். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 2319 என்று இருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்பது பொருள். பார்வைக்குப் புதிதாய்த் தோன்றும் டயரும் பழையதாக இருத்தல் கூடும். சக்கரக் கம்பிகளை ஒரு சிறிய திருகாணிச் சாவியால் ஒவ்வொன்றாகத் தட்டினால் இறுகிய கம்பி கணீரென்று ஒலிக்கும். தளர்ந்தது மந்தமாக ஒலிக்கும். வண்டியை நிறுத்தி வைத்துப் பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் அசைத்தால் ஆட்டம் இருத்தல் ஆகாது. சேற்றிலும் நீரிலும் ஓடி, கிறீஸ் காணாத வண்டியில் பின் அதிர்வுதாங்கியின் கீழுள்ள மூட்டுக்களே முதலில் தேய்கின்றன. இவை ஒவ்வொன்றையும் ஒரு தாளிற் குறித்து, எதிரே செலவையும் குறித்தால், பேரம் பேசும்போது அத்தாளே துணையாகும்.

திருந்தாத குறைகளில் முதன்மையானது சட்டத்தின் கோணல். சட்டம் என்பது வண்டியின் எலும்பு. கைப்பிடித் தண்டு பொருந்தும் கழுத்துப் பகுதியை நல்ல வெளிச்சத்தில் உற்று நோக்குதல் வேண்டும். அங்கே பிற்காலத்தில் வைத்த பற்றுப் பாடு தெரிந்தாலும், பெயின்றின் நிறம் ஓரிடத்தில் மட்டும் புதிதாயிருந்தாலும், மெல்லிய வெடிப்புக் கோடு ஓடினாலும் அவ்வண்டி பெரும் மோதல் ஒன்றைக் கண்டிருக்கிறது எனலாம். கைப்பிடியை இருபுறமும் முழுதாகத் திருப்பும்போது அதைத் தடுத்து நிறுத்தும் சிறு முனைகள் வளைந்திருந்தாலும் உடைந்திருந்தாலும் அதுவும் விழுந்த வண்டியின் அடையாளமே. முன்சக்கரத்தைத் தரையிலிருந்து உயர்த்திக் கைப்பிடியை மெல்லத் திருப்புகையில், நடுவில் ஓரிடத்தில் தட்டி நிற்குமாயின் அது கழுத்துப் பேரிங்கின் தேய்வு, மாற்றலாம். ஆனால், வண்டியின் பின்னால் பத்தடி தள்ளி அமர்ந்து பார்க்கும்போது முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே கோட்டில் இல்லாவிட்டால் பேச்சை அத்துடன் முடித்துக்கொள்வது நலம். அத்தகைய வண்டி கிரவலில் ஒரு பக்கம் இழுக்கும். சுமையோடு இறக்கத்தில் வரும்போது அது ஓட்டுபவனுடைய கைக்கு அடங்காது.

வாவிக்கரை ஊர்களில் மற்றொரு பகைவனும் உண்டு. உப்புக் காற்றே அது. சட்டத்தின் அடிக்குழாய்களையும் சைலன்சரின் மூட்டுக்களையும் சக்கர வளையத்தின் உட்புறத்தையும் அது மெல்ல மெல்ல அரித்துவிடும். மேலே பளபளவென்று மினுக்கிய வண்டியின் அடிப்பாகத்தைக் கைவிளக்கினால் பார்த்தல் வேண்டும். மேற்றுரு துடைத்தால் போகும். விரலால் அழுத்த உதிரும் துரு சட்டத்தின் வலிமையையே தின்றுவிட்டது, அதற்கு மருந்தில்லை.

திருந்தாத குறைகளில் இரண்டாவது, வண்டியில் இல்லை, தாளில் இருக்கிறது. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின்படி ஒவ்வொரு வண்டிக்கும் பதிவுப் புத்தகம் உண்டு. அதிலுள்ள சட்ட இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் வண்டியில் பொறித்த இலக்கங்களோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட வேண்டும். பொறித்த இடம் அராவப்பட்டிருந்தால் வாங்குதல் ஆகாது. ஒரு வண்டியின் புத்தகத்தை வேறொரு வண்டியின் உடலோடு சேர்த்து விற்பாரும் உளர். புத்தகம் சாதாரண மோட்டார் சைக்கிள் ஒன்றின் பெயரைச் சொல்ல, எதிரே உயர்ந்த காட்டுவழி வண்டி நிற்குமாயின் ஐயமே வேண்டியதில்லை. அது என்றேனும் ஒருநாள் வீதிச் சோதனையில் பிடிபடும். அன்று பணமும் போகும். வழக்கும் வந்து சேரும்.

கிழக்கு மாகாணத்தில் இத்தாள் விடயம் இன்னும் கூர்ந்து பார்க்கத்தக்கது. போர்க்காலத்தில் இடம்பெயர்ந்தோர், வெளிநாடு சென்றோர், இறந்தோர் ஆகியோரின் பெயரில் உள்ள வண்டிகள் பல கைமாறியிருக்கின்றன. புத்தகத்தில் ஒருவர் பெயரும், கையொப்பமிட்ட மாற்றுப் படிவம் மட்டும் அடுத்தடுத்தவர் கையிலுமாக வண்டி ஓடுவதுண்டு. இதனை மக்கள் ‘ஓபன் பேப்பர்’ என்பர். முதல் உரிமையாளர் இல்லாதபோது அடையாள அட்டைப் பிரதியும் கையொப்பமும் தருவார் யார் என்ற கேள்வி எழும். கடனில் எடுத்த வண்டியாயின் கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயரும் புத்தகத்தில் இருக்கும். அக்கடன் தீர்ந்ததென அந்நிறுவனம் எழுத்தில் விடுவித்த பின்னரே பணம் கொடுத்தல் வேண்டும். வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி, புகைப் பரிசோதனைச் சான்று ஆகியன நடப்பில் உள்ளனவா என்பதையும் நோக்க வேண்டும். வாங்கியபின் உரிமை மாற்றத்தைக் காலந் தாழ்த்தாது மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிதல் வேண்டும். விற்றவருக்கும் இதில் நன்மை உண்டு. பெயர் மாறாத வண்டி விபத்துக்குள்ளானால் முதலிற் தேடப்படுபவர் அவரே.

வண்டியும் தாளும் ஒத்து வந்தால் ஓட்டிப் பார்த்தல் வேண்டும். இரு வழிக்கும் வாங்கும் வண்டியை ஒரு வழியில் மட்டும் ஓட்டிப் பார்ப்பது பயனில்லை. செங்கலடியில் உள்ளவருக்கு இது எளிது. பதுளை வீதியில் சிறிது தூரம் நிதானமாக ஓட்டி, ஒவ்வொரு கியரும் இலகுவாக விழுகிறதா, விழுந்த கியர் சுமையேறும்போது தானே கழன்றுவிடுகிறதா, பிரேக் இருபுறமும் இழுக்காமல் பிடிக்கிறதா என்று பார்க்கலாம். பின்னர் ஒரு கிரவல் வழியில் இறங்கி மெதுவாகச் செல்லலாம். கைப்பிடி நடுங்குதல், முன் அதிர்வுதாங்கி குழியில் அடிவரை இறங்கி இடித்தல், பின்புறம் ஆடுதல் ஆகியன அங்கே வெளிப்படும். திரும்பி வந்தபின் எஞ்சினை நிறுத்தி, சூடான நிலையில் மீண்டும் இயக்கிப் பார்த்தலும், எங்கேனும் எண்ணெய் கசிகிறதா என்று கீழே குனிந்து நோக்குதலும் கடைசிச் சோதனைகள். தெரிந்த திருத்துநர் ஒருவரை உடன் அழைத்துச் செல்வது சிறப்பு. அவருக்குக் கொடுக்கும் அரைநாட் கூலி, பின்னால் வரும் பெருஞ்செலவைத் தடுக்கும்.

ஒரே விலைக்கு இரண்டு வண்டிகள் விற்பனைக்கு நிற்பதாகக் கொள்வோம். ஒன்று புதுப் பெயின்றுடன் மின்னுகிறது, சத்தமும் இனிது, ஆனால் கழுத்தில் பற்று வைத்த தழும்பு உண்டு, தாளில் பெயருள்ளவர் எங்கோ தொலைதேசத்தில் இருக்கிறார். மற்றது நிறம் மங்கியது, சிறிது நீலப் புகை விடுகிறது, செயின் தேய்ந்திருக்கிறது, ஆனால் சட்டம் நேரானது, புத்தகத்தில் பெயருள்ளவரே எதிரே நின்று விற்கிறார். “நம்பி எடுங்க தம்பி, ஒரு குறையும் சொல்ல ஏலாது” என்று முதல் வண்டிக்காரர் சொல்லலாம். இரண்டாம் வண்டிக்காரரோ, “புகை கொஞ்சம் இருக்கு தம்பி, ரிங் மாத்தணும்” என்று உள்ளதைச் சொல்லிவிடுகிறார். விவேகி இரண்டாம் வண்டியையே வாங்குவான். அதன் குறைக்கு ஒரு கணக்கு உண்டு; கணக்குக்கு ஒரு முடிவும் உண்டு. முதல் வண்டியின் குறைக்கு முடிவில்லை.

விலை பேசும்போது கையிலுள்ள பணம் முழுவதையும் வண்டிக்கே கொடுத்துவிடுதல் கூடாது. ஐந்தில் ஒரு பங்கையேனும் பின்னே வைத்திருத்தல் நன்று. எண்ணெய், வடிகட்டி, செயின், டயர், பிரேக் கட்டை என முதல் மாதத்திலேயே செலவுகள் வரிசையாக வந்து நிற்கும். உதிரிப்பாகம் எங்கே கிடைக்கும் என்பதையும் வாங்கும் முன்னரே விசாரிக்க வேண்டும். பழைய யப்பானிய வண்டியின் சில பாகங்களுக்குக் கொழும்பில் பஞ்சிகாவத்தைக் கடைகள் வரை ஆளனுப்ப நேரும். ஊரில் பலரிடம் உள்ள வகையை வாங்கியவனுக்குப் பாகமும் கிடைக்கும். அதன் குணமறிந்த திருத்துநரும் கிடைப்பார். ஊரில் ஒருவரிடமும் இல்லாத அரிய வண்டி பார்ப்பவர் கண்ணுக்கு விருந்து. உடையவனுக்குப் பெரும்பாலும் விரதம்.

வாங்கிய பின்னரும் கடமை முடிவதில்லை. கோடையில் காற்று வடிகட்டியை அடிக்கடி கழற்றிக் கழுவி, உலர்த்தி, அதற்குரிய எண்ணெய் தோய்த்துப் பூட்டுதல் எஞ்சினின் ஆயுளைப் பன்மடங்காக்கும். மாரியில் நீரைக் கடந்து வந்த அன்றே பிரேக்கையும் செயினையும் கவனித்தல் வேண்டும். கிரவலில் முன் பிரேக்கைத் திடீரெனப் பிடித்தல் ஆகாது. தார் வீதியின் திருப்பங்களிற் சிந்திக் கிடக்கும் மணல், முழுக் கிரவல் வழியிலும் கொடியது. அங்கே வேகத்தை முன்னரே தணித்துக்கொள்ள வேண்டும். புல்லுமலைப் பக்கத்தில் பொழுது சாய்ந்தபின் யானை வீதிக்கு வரும்; மாடுகள் வீதியிலேயே படுத்துக்கிடக்கும். ஆதலால் விளக்கு நன்றாக எரியாத வண்டியில் அவ்வழியே இரவிற் செல்லாதிருப்பதே அறிவு. தலைக்கவசம் தார் வீதியிற் பொலிசாருக்காக அணிவதன்று. கிரவலில் விழுபவனின் தலைக்கும் கல் கல்லேதான்.

படுவான்கரைப் பாடசாலையில் மணி அடிக்கும்போது ஆசிரியர் வாயிலில் நிற்பதும், மருத்துவ மாது உரிய நாளில் தாயின் வீட்டுக்குச் செல்வதும், பால் புளிக்குமுன் சந்தியை அடைவதும் இத்தகைய வண்டிகளின் உழைப்பால் நடப்பவை. அவ்வண்டி புதியதாக இருக்க வேண்டியதில்லை. அழகாகவும் இருக்க வேண்டியதில்லை. எலும்பு நேராகவும் தாள் நேராகவும் இருக்க வேண்டும். மற்றவற்றைத் திருத்துநரின் கையும் உடையவனின் கவனமும் நாளடைவிற் செம்மை செய்துவிடும்.